எட்டாம் நாள்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள். ஆறு நாளும் ஏரிக்கரையில் சீமைக் கருவேலம் வெட்டி, பள்ளிக்கூடச் சுவருக்கு வெள்ளையடித்து, கண் பரிசோதனை, கால்நடை மருத்துவம் என்று ஒவ்வொன்றாக முடித்தபின் ஏழாம் நாள் சாயங்காலம் கலைநிகழ்ச்சி. அதில் இருபது நிமிஷம் வீதி நாடகத்துக்கு. அந்த இருபது நிமிஷத்துக்குத்தான் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள். கல்லூரி முதல்வர் முன்வரிசை நாற்காலியில் இருப்பார். பிள்ளைகள் கறுப்பு பனியன் போட்டு, இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டி, வட்டமாக ஓடி வருவார்கள். கைதட்டல், சால்வை, குரூப் போட்டோ. இருட்டுவதற்குள் பஸ் கிளம்பிவிடும்.

இந்த வேலைக்கு வந்து எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் பாதிக் காலம், எட்டாம் நாள் காலையில் அந்த ஊரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் போய்ப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை பறையை மறந்து வைத்துவிட்டு வந்து, எடுத்துவர மறுநாள் போனேன். சுண்ணாம்புத் தூளில் நாங்கள் போட்ட வட்டத்துக்கு நடுவே யாரோ முளையடித்து ஆட்டைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் டயர் உருட்டிக்கொண்டிருந்த பையனிடம், "நேத்து நாடகம் பாத்தியாடா?" என்றேன். பார்த்தானாம். என்ன நாடகம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலேஜ்காரங்க வந்து கத்துனாங்க" என்றான்.

என் நாடகங்களுக்கு வந்த விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் வேறொன்று வந்ததில்லை.

நான் இதற்குள் வந்தது அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணம் வழியாக. 1990களின் தொடக்கம், நான் கல்லூரி மாணவன். ஒரு வேன், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஊர். அப்போதும் நாங்கள் கத்திவிட்டுத்தான் கிளம்பினோம். ஆனால் நாங்கள் போன பிறகு அங்கே ராத்திரி வகுப்பு தொடங்கியது. அதே ஊரில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த பெண் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு தன் பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தாள். நாடகம் அந்த வகுப்புக்கு அழைப்பு. அவ்வளவுதான் அதன் வேலை. எட்டாம் நாளைத் தொண்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இயக்கம் ஓய்ந்தது, வகுப்பு நின்றது, நாடகம் மட்டும் தனியாக ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. சமையல் நடக்காத கல்யாண வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

அப்படித் தனியாகப் போகிற நாடகம் என்ன செய்யும் என்பதற்கு என் கணக்கிலேயே ஒன்று உண்டு. குடியைப் பற்றிய நாடகம். குடிகாரனாக நடித்த மாணவன் கெட்டிக்காரன். வேட்டி நழுவ, உளறி, விழுந்து புரண்டு சிரிப்பை அள்ளினான். முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒரு சிறுமியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளூர் ஆள் ஒரே ஒருவர் ஒத்திகையில் இருந்திருந்தால், "சார், இதே மாதிரி இங்க ஒருத்தரு இருக்காரு, அவரு பொண்ணு வந்து உக்காரும்" என்று சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு, உள்ளூர் இளைஞர்கள் இல்லாமல் ஒத்திகை நடத்துவதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

விதி வைப்பது சுலபம். அவர்கள் எப்போது வீட்டில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

செய்யாறு வட்டத்தில் ஒரு ஊர். பெயரைச் சொல்லவில்லை, காரணம் பின்னால் வரும். புரிசைக்கு அதிக தூரமில்லை. கூத்துப்பட்டறை நடிகர்கள் யாரிடம் கூத்துப் பயின்றார்களோ அந்தக் கண்ணப்பத் தம்பிரானின் புரிசை. அந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பங்குனி பிறந்தால் பாரதம் படிப்பார்கள், ராத்திரி பத்து மணிக்குக் கூத்துத் தொடங்கினால் விடியும்வரை போகும், கடைசி நாள் படுகளத்தில் துரியோதனன் மண்ணில் படுத்துக்கிடப்பான். இதெல்லாம் இன்றும் உண்டு. ஆனால் அதைப் பார்க்கிற, ஆடுகிற வயசில் இருப்பவர்கள் இப்போது சிப்காட் கம்பெனிகளில் இருக்கிறார்கள். பெண்கள் ஷூ கம்பெனியில். விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஒரு பஸ் வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போகும். ஆறரைக்குக் கொண்டுவந்து விடும். பையன்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் போனால் ராத்திரி பத்து நாற்பதுக்கு இறங்குவார்கள். ஊர்க் கூட்டம் போட்டு "இளைஞர்களே வாருங்கள்" என்றால் வருவது இரண்டு பேர், அதில் ஒருவர் வாக்குச்சாவடி முகவர்.

நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஐம்பது மாணவர்கள். இரண்டாம் நாள் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களோடு எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து ஆடித் தோற்றார்கள். நாடகத்துக்கு ஆள் சேர்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தோற்றால் சீக்கிரம் சேரும்.

அன்று ராத்திரிக்குள் மாணவர்கள் ஒரு பிரதி எழுதி வைத்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். பிளாஸ்டிக் அரக்கனும் டெங்கு கொசுவும் வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்து, இந்த ஊரின் பிரச்சினை கம்பெனி வேலைதான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். ஒப்பந்தத் தொழில், எட்டு மணி நேர உரிமை எல்லாம் இருந்தது. முடிவில் எல்லோரும் கை உயர்த்தி, "தொழிலாளர்களே, விழித்தெழுங்கள்!" என்று மூன்று முறை முழங்க வேண்டும்.

பள்ளிக்கூட வராந்தாவில் வாசித்தார்கள். ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கும் பெண் ஒருத்தி, இருபத்துநான்கு இருபத்தைந்து வயசிருக்கும், வேலை முடித்து, குளித்து, ஈரத்தலையோடு வந்து தூணில் சாய்ந்திருந்தாள். கடைசி வரியைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"நாங்க காலைல நாலு மணிக்கே எழுந்துட்றோம்பா. இன்னும் எப்ப எழுந்திருக்கச் சொல்றீங்க?"

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போல் தன் நாடக வாழ்க்கையைத் திருப்பிய கதை ஒன்றைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். பிரேசிலின் வடகிழக்கில் நிலமற்ற விவசாயிகள் முன்னால், நகரத்திலிருந்து போன போலின் குழுவினர் கையில் துப்பாக்கியோடு, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாடி முடித்தார்கள். விர்ஜிலியோ என்ற விவசாயி கண்கலங்கி வந்து, வாங்க போவோம், பண்ணையாரின் அடியாட்களை இப்போதே விரட்டுவோம் என்று கூப்பிட்டார். எங்கள் துப்பாக்கி நாடகச் சாமான் என்றார்கள் இவர்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும் என்றார் அவர். இவர்களால் போக முடியவில்லை. சிந்த வேண்டிய ரத்தம் எங்களுடையது, உங்களுடையது இல்லையா என்று அவர் கேட்டதற்கு போலிடம் பதில் இல்லை. யாருக்கும் எதையும் உபதேசிக்காத ஒரு நாடக முறையைத் தேடி அவர் கிளம்பியது அந்த வெட்கத்திலிருந்துதான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வெட்கம் ஒரு சிரிப்பில் கிடைத்தது. பிரதி எழுதியவன் காதெல்லாம் சிவந்து காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நான் கிழிக்கச் சொல்லவில்லை. அவனாகத்தான் மறுபடி எடுக்கவில்லை.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா, எதைப் போடலாம்?"

அவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என் தம்பி செகண்ட் ஷிப்டு. நான் போவசொல்ல அவன் தூங்கிகினு இருப்பான், நான் வரசொல்ல அவன் கம்பெனில இருப்பான். ஒரே வீட்லதான் கீறோம். பேசிக்கிறது ஞாயித்துக்கெழமதான்" என்றாள். கதை அங்கேயே முடிந்துவிட்டது. மீதி எல்லாம் கைவேலை.

கைவேலை என்று சும்மா சொல்லவில்லை. மாணவர்கள் தையல் மெஷின் ஓட்டுவதை நடித்துக் காட்டினார்கள். எல்லோரும் செய்கிற மாதிரிதான்: தோள் குலுங்க, கை பறக்க, முகத்தில் வேதனை. அவள் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்டி ஆடினா ஊசி விரல்ல ஏறிடும்." இடது உள்ளங்கை துண்டைத் திருப்பியது. வலது கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஓரத்தை நகர்த்தின. வலது பாதத்தின் முன்பகுதி மட்டும் அழுந்தியது. நூலை அறுத்தாள், வலப்பக்கம் தள்ளினாள், அடுத்ததை எடுத்தாள். தோள் அசையவில்லை. கழுத்து அசையவில்லை. கண் இமைத்ததா என்றே தெரியவில்லை. ஒரு நிமிஷம் அப்படிச் செய்திருப்பாள். வராந்தாவில் சத்தமே இல்லை. களைப்பு என்பது அசைவில் இல்லை, அசையாமல் இருப்பதில் இருக்கிறது என்று நான் முப்பது வருஷத்தில் எந்தப் பயிலரங்கிலும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்குத் தெரிந்திருந்தால்தானே.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு இரண்டாம் ஷிப்ட் பையன்களோடு தனி ஒத்திகை. அவர்களில் ஒருவன் கூத்துக்காரரின் பேரன். தாத்தா துரியோதனன் வேஷம் கட்டியவர். கல்யாண முருங்கையில் செதுக்கிய அவருடைய கிரீடமும் புஜக்கட்டையும் பரணில் கிடக்கின்றன. இவன் கம்பெனியில் பாகங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிறான். மிருதங்கம் தெரியும், ஆனால் 'தெரியாது' என்று சொல்வான். சாயங்காலம் அவள் காட்டிய மிதியின் கணக்கை ஒரு மாணவி அவனுக்குச் செய்து காட்டினாள். அவன் தொடையில் தட்டிப் பார்த்தான். மறுபடி தட்டினான். "இது துரியோதனன் திரைக்குப் பின்னாடி நிக்கசொல்ல வாசிக்கிற அடிண்ணா. கொஞ்சம் இழுத்துப் போட்டா சரியா உக்காந்துரும்" என்றான். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் பள்ளிக்கூட மேஜையில் அந்த அடியை வாசித்தான். பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து, தோள் அசையாமல், பாதத்தை மட்டும் அதற்கு மிதித்தார்கள். நாடகம் அப்போது பிறந்தது.

அக்காவின் பகுதிக்கு ஏழரை மணி ஒத்திகை, தம்பியாக நடித்த பேரனின் பகுதிக்குப் பதினொன்றரை. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. இரண்டிலும் இருந்தவர்கள் மாணவர்கள் மட்டும். சாயங்காலம் அவள் செய்ததை ராத்திரி இவனுக்குக் கொண்டுபோனார்கள், ராத்திரி இவன் மாற்றியதை மறுநாள் அவளுக்குக் கொண்டுவந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஊர் நாடகத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அவர்களிடம் நேரம் இருக்கிறது. அந்த ஊரில் அது வேறு யாரிடமும் இல்லை.

இடையில் ஒன்று நடந்தது. நாடகத்துக்கு இன்னும் 'வெயிட்' வேண்டும் என்று மாணவர்கள் அக்கா தம்பியைப் புருஷன் பெண்டாட்டியாக மாற்றினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நான்காம் நாள் பார்த்தால் அது பழையபடி அக்கா தம்பியாகவே இருந்தது. அவள் காலனி. அவன் ஊர்த்தெரு. யாரும் காரணம் சொல்லவில்லை. ஒரு மாணவன் ஏன் என்று கேட்க வாய் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அன்று மிதித்தது சரியா தப்பா என்று எனக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. கேட்டிருந்தால் ஒருவேளை வேறு நாடகம் வந்திருக்கும். அல்லது நாடகமே வந்திருக்காது.

எங்கே போடுவது என்பதும் அதே வழக்கின் இன்னொரு வாய்தாதான். மாணவர்களுக்குத் திரௌபதி அம்மன் கோயில் திடல்மேல் கண். வேப்பமரம், மேடு, மின்சாரம், எல்லாம் இருந்தது. அதைப் பேசிய அன்று ஸ்டிச்சிங் லைன் பெண் ஒத்திகைக்கு வரவில்லை. ஒரு மாணவி தேடிப் போனாள். "கோயில் திடல்னா எங்க வீட்ல அனுப்ப மாட்டாங்க" என்றாளாம். காலனியில் நூலகக் கட்டடத்துக்கு முன்னால் போடலாமா என்றால், ஊர்த்தெருப் பையன்கள், "எங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணா, பெரியவங்கதான்" என்று இழுத்தார்கள். எங்களால் அவிழ்க்க முடிகிற முடிச்சில்லை அது. கிரிக்கெட்டில் எங்களைத் தோற்கடித்த பையன்தான் சொன்னான்: "கம்பெனி பஸ் நிக்கிற எடத்துல போடலாமே."

தார் ரோட்டில் ஊர்ப்பாதை சேரும் இடம். சின்னப் பாலம், அதன் இருபக்கக் கைப்பிடிச் சுவர், ஒரு தெருவிளக்கு. காலை ஐந்தேகாலுக்கு இரண்டு தெருவும் அங்கேதான் நிற்கிறது. பஸ்ஸுக்குள்ளும் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஒரு கணக்கு உண்டு என்று அவள் பிறகு சொன்னாள். இருக்கட்டும். நிற்பதாவது ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.

இடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஜண்டாபூர் நினைவுக்கு வரும். 1989 ஜனவரி 1ஆம் தேதி, டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில், தொழிலாளர் குடியிருப்பு நடுவே 'ஹல்லா போல்' நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது வீதி நாடகக்காரர் சப்தர் ஹஷ்மியைத் தாக்கினார்கள். மறுநாள் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அன்று கொல்லப்பட்டார். ஜனவரி 4ஆம் தேதி ஹஷ்மியின் குழுவினர், அவர் மனைவி மலயஸ்ரீயும் சேர்ந்து, அதே இடத்துக்குப் போய் பாதியில் நின்ற நாடகத்தைப் போட்டு முடித்தார்கள். டெல்லியில் எத்தனையோ அரங்கங்கள் இருந்தன. அந்த நாடகம் நின்ற இடம் அதுவாக இருந்ததால் அங்கேயே போனார்கள்.

பாலத்தடியில் முதலில் நாங்கள் வட்டம்தான் போட்டோம். 1980இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பத்து நாள் பயிலரங்கு தமிழ்நாட்டு நவீன நாடகக்காரர்களுக்குப் பெரிய திருப்பம். மேடையை விட்டு இறங்கு, பார்ப்பவர் நடுவே நில், உடம்பை நம்பு என்பதெல்லாம் அந்தத் தலைமுறையிடமிருந்து எங்களுக்கு வந்தது. வட்டம்தான் சனநாயகம் என்று நானும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து வந்தேன். கூத்துக்காரர் பேரன் வட்டத்துக்குள் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வட்டத்துல நின்னா யாருக்காவது முதுகு காட்டியே ஆவணும்ணா" என்றான்.

கூத்தில் மூன்று பக்கம் சனம், நான்காவது பக்கம் பின்பாட்டுக்காரர்கள். வேஷக்காரன் ஒரு வரியைப் பாடுவான், பின்பாட்டு அதை வாங்கிப் பாடும். அந்த இடைவெளியில் அவன் மூச்சு வாங்கிக்கொள்வான், திரும்பி அடுத்த பக்கம் போய்விடுவான், முதல் தடவை காதில் விழாதவர்களுக்கு இரண்டாம் தடவை விழும். மைக் இல்லாத காலத்தில் விடியவிடிய ஆடியவர்கள் தொண்டையைக் காப்பாற்றக் கண்டுபிடித்த ஏற்பாடு. எங்கள் வீதி நாடகத்தில் மூன்றாவது காட்சிக்குள் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிவிடும். மிளகும் பனங்கற்கண்டும் வாங்கிக் கட்டுப்படியாகாது. நான் அடிவயிற்றிலிருந்து குரல் எடு, அடிவயிற்றிலிருந்து எடு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முக்கியமான வரியையும் பின்னாலிருந்து நாலு பேர் வாங்கிச் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. புரிசை கூப்பிடு தூரத்தில் இருந்தும்.

ஆக மூன்று பக்கம் சனம். நான்காவது பக்கம் ரோடு. ரோட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்குத் தொடங்கினோம். மறுநாள் லீவு என்பதால்தான் சனிக்கிழமை. முகாமின் ஐந்தாம் நாள் என்பது அப்போது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெண்கள் கோலமாவால் எல்லை போட்டார்கள். எட்டு பைக்குகளை நிறுத்தி முகப்பு விளக்கைப் போட்டோம். பேட்டரி இறங்காமலிருக்க இரண்டிரண்டாக மாற்றிப் போட ஒரு பொடியன். பஸ் கிளீனர் வேஷத்தில் ஒரு மாணவன், கூத்துக் கட்டியக்காரனைப் போல எல்லோரையும் வம்புக்கு இழுத்து ஆரம்பித்தான். இரண்டு பேர் ஒரு போர்வையைத் திரையாகப் பிடிக்க, மேஜை மிருதங்கத்தில் துரியோதனன் அடி விழ, திரைக்கு மேல் ஒரு கை மட்டும் ஸ்டாப்வாட்சோடு தெரிந்தது. சனம் புரிந்துகொண்டு ஓவென்று கத்தியது. சூப்பர்வைசர். திரையை இறக்குவதற்கு முன்பே ஊர் அவரை யாரென்று கண்டுகொண்டது.

அன்று மேஜையில் வாசித்தது பேரனிடம் மூன்று நாளில் கற்றுக்கொண்ட மாணவி. அவன் கம்பெனியில் இருந்தான். நாடகத்தின் கடைசியில் தம்பிக்காக அக்கா பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பாள். தம்பி பத்து நாற்பது பஸ்ஸில் வர வேண்டும். நிஜமாகவே வர வேண்டும். டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

பத்து நாற்பது ஆனது. பஸ் வரவில்லை. பத்து ஐம்பது. அவள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நாலு பேர் அவள் கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டியக்காரன் ஓடிவந்து, "டிரைவரு டீ சாப்பிட இறங்கிட்டாரு, பன்னு வரல" என்றான். சிரிப்பு. அதற்கப்புறம் அவனுக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டு ஆள் அந்த பஸ்ஸில் இருந்தான். அவர்கள் நாடகம் பார்க்கவில்லை. தினமும் வீட்டுக்குள் செய்வதை அன்று வெளியே வந்து செய்தார்கள்.

பத்து ஐம்பத்தெட்டுக்கு வளைவில் விளக்குத் தெரிந்தது. டிரைவர் ஒரு ஹாரன் அடித்தார், நாங்கள் கேட்காதது. பதினேழு பேர் இறங்கினார்கள். பேரன் டிபன் பையோடு நேராக நடந்து வந்தான். அவள், "சாப்டியாடா?" என்றாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாடகத்தில் இல்லாத ஒரு கிழவி தன் பேரனைக் கூட்டத்திலிருந்து கூப்பிட்டு அதையே கேட்டாள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் அந்தக் கதை சிராய்த்துக்கொண்டது. ஒரு பெரியவர் கேட்டார்: "சூப்பர்வைசரை அந்தக் கிழி கிழிச்சீங்களே. அவனும் பக்கத்து ஊருப் புள்ளதான், அவனுக்கும் டார்கெட்டு. அவனுக்கு மேல இருக்கிறவன ஏன்யா காட்டல?" மாணவர்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் சூப்பர்வைசர் வேஷம்தான் சிரிப்பு வாங்கிக் கொடுத்தது. அன்று எல்லோருக்கும் லீவு. இரண்டு ஷிப்டும் முதல் தடவையாக ஒரே இடத்தில் உட்கார்ந்து நாடகத்தைப் பிரித்துப் போட்டது. சூப்பர்வைசரின் போனில் ஒரு மணி அடித்துக்கொண்டே இருப்பதாக வைத்தார்கள். எடுப்பான், "யெஸ் சார்" என்பான், முகம் மாறும், திரும்பி லைனைத் திட்டுவான். மேலே இருப்பவன் கடைசிவரை வரமாட்டான். அந்த வேஷத்தை ஆட்டோ ஓட்டும் உள்ளூர்ப் பையன் வாங்கிக்கொண்டான். சிரிப்பு பாதியாகக் குறைந்தது, வேஷம் நன்றாக வந்தது. கட்டியக்காரனும் கைமாறினான். திங்கட்கிழமை, ஏழாம் நாள், முதல்வர் முன்னால் நடந்தபோது மாணவர்கள் பெரும்பாலும் பின்பாட்டில் இருந்தார்கள். "நம்ம பசங்க எங்கே?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார்.

ஒரு விஷயம். மாணவர்கள் சனிக்கிழமை ராத்திரியை ரீல்ஸ் போடத் துடித்தார்கள். பேரன் தடுத்தான். "உங்களுக்கு அது லைக்கு. எங்களுக்கு கேட் பாஸ்." போனில் இருந்ததை எல்லோரும் அழித்தார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான். ஊர்ப் பெயரை நான் எழுதாததும் அதனால்தான்.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, அந்த ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தேகாலுக்கு பஸ் வந்தது, போனார்கள். மே 1ஆம் தேதி ராத்திரி எனக்கு ஒரு வீடியோ வந்தது, "யாருக்கும் அனுப்பாதீங்கண்ணா" என்ற வரியோடு. ஆறு நிமிஷம். ஒரே இருட்டு, கை நடுக்கம், யார் யாரென்று தெரியவில்லை. மூன்று பேர் கம்பெனி மாறிப் போய்விட்டதால் புது ஆட்களாம். மேஜைக்குப் பதில் நிஜ மிருதங்கம் கேட்டது. அக்கா என்ன வசனம் சொன்னாள் என்று காதை வைத்துக் கேட்டும் பிடிபடவில்லை; நாங்கள் வைத்த வசனம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

அதற்குப் பின் போன முகாம்களில் எல்லாம் இப்படி அமைந்ததா என்றால், இல்லை. ஒரு ஊரில் திருவிழாத் தகராறு, நாடகமே இல்லை. இன்னொன்றில் பையன்கள் கடைசிவரை வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாகவே நின்றார்கள். ஆனால் ஒரு ஏற்பாட்டை மட்டும் எங்கும் விடுவதில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

திட்ட அலுவலர்களாக இருக்கும் பேராசிரியர்களுக்கு: அடுத்த முகாமின் நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். நாடகத்தை ஏழாம் நாளிலிருந்து எடுத்து ஐந்தாம் நாளில் போடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு நாளில் ஊர் அதைத் திட்டட்டும், திருத்தட்டும், வேஷங்களை வாங்கிக்கொள்ளட்டும். முதல்வர் வரும் நாளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அன்றைக்குப் பாட்டும் கோலாட்டமும் போதும்.